குடச்சத்தம் கேட்கிறது, அப்பா

கொலோன், ஜெர்மனி
26 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். அண்ணன் அனுப்பிய நேந்திரங்காய் வற்றல் நொறுங்காமல் வந்து சேர்ந்தது. இங்கே எட்டு மணி தாண்டித்தான் விடிகிறது. காலைப் பணிக்கு இருட்டிலேயே ட்ராம் ஏறுகிறேன்.

போன மாதம் முதியோர் இல்லத்தில் ஒரு தளத்தை என் பொறுப்பில் விட்டார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? போன செவ்வாய்க்கிழமை ஐந்து பேர் வர வேண்டிய இடத்தில் மூன்று பேர்தான் வந்தோம். மற்ற இருவருக்கும் காய்ச்சல். முந்தின நாள் இரவே நான் எழுதி வைத்திருந்த பட்டியலை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஐந்து பேர் வேலையை அதே வரிசையில் மூன்று பேரிடம் ஒப்படைத்தேன். ஒன்பது மணிக்குப் பாதிப் பேர் குளிக்கவில்லை. சர்க்கரை நோய் உள்ள ஒரு பாட்டி சாப்பிடாமல் காத்திருந்தார். பிலிப்பைன்ஸ்காரத் தோழி என் அருகில் வந்து, "குளியல் மத்தியானத்துக்குப் போகட்டும், முதலில் எல்லோரும் சாப்பிடட்டும்" என்றாள். காலையிலேயே அவளிடம் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பாட்டியின் முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அன்று மாலை பன்னிரண்டாம் அறைத் தாத்தாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு கச்சேரியின் கதையைச் சொன்னார். 1975 ஜனவரி 24, இந்த ஊர் ஆப்பரா அரங்கு. அமெரிக்கப் பியானோக் கலைஞர் கீத் ஜாரெட் இரவு பதினொன்றரைக்கு மேடையேற வேண்டும். ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டஸ், பதினெட்டு வயதுப் பெண். ஜாரெட் கேட்டது ஒரு பெரிய பியானோ. மேடையில் இருந்ததோ ஒத்திகைக்கு வைத்திருந்த ஒரு சின்னப் பியானோ. மேல் கட்டைகளைத் தொட்டால் தகரச் சத்தம், கீழ்க் கட்டைகளில் கனம் இல்லை, காலால் அழுத்தும் மிதிகளும் சரியாக வேலை செய்யவில்லை. அவருக்கோ முதுகுவலி. வாசிக்க மாட்டேன் என்று கிளம்பிக் காரில் போய் உட்கார்ந்தவரை அந்தப் பெண்தான் கெஞ்சித் திரும்ப அழைத்து வந்தாராம்.

அப்புறம் ஜாரெட் செய்ததைக் கேளுங்கள். நன்றாக ஒலித்த நடுக் கட்டைகளிலேயே பெரும்பாலும் நின்றுகொண்டார். கனமில்லாத குறையை ஈடுகட்ட, இடது கையால் ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார். எழுதி வைத்த எதுவும் அவர் முன்னால் இல்லை. அந்தந்த நொடியில் தோன்றியதுதான் இசை. அந்த ஒலிப்பதிவு 30 லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றிருக்கிறது.

அதைக் கேட்டதும் எனக்கு நம் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் நீங்கள் குடம் அடித்த வில்லுப்பாட்டுதான் நினைவுக்கு வந்தது. நான் சாக்கு விரித்துப் படுத்திருந்தேன், உங்களுக்கு நினைவிருக்கிறதா? கதை உச்சத்தில் இருக்கும்போது மின்சாரம் போனது, மைக் அடங்கியது. கதை பாடும் புலவர், வில்லின் நாணைத் தட்டும் வீசுகோலை ஒரு கணம் நிறுத்தினார். நீங்கள் நிறுத்தவில்லை. குடத்தை மெல்ல, மிக மெல்ல அடித்தீர்கள். அந்த அளவுக்குப் புலவரும் குரலை இறக்கினார். பின்னால் இருந்த சனம் எழுந்து வந்து வில்லைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தது. மணிகளின் சிணுங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. அந்தக் கொடையில் அதைவிட நல்ல பாட்டு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

எத்தனை வருடம் அடித்துப் பழகிய கை அது என்பது எனக்குத் தெரியும். ஜாரெட்டும் மூன்று வயது நிறையும் முன்பே பியானோ முன்னால் உட்கார்ந்தவராம். வேலையை முழுக்கத் தெரிந்தவருக்குத்தான் நின்ற இடத்தில் அதை மாற்ற முடிகிறது. நான் இன்னும் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் பயம்தான் அப்பா.

இன்னொன்றும் புரிந்தது. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமாம்" போடுவார்கள் அல்லவா? அது தலையாட்டுவது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். கதை போய்ச் சேர்ந்ததா, விட்டுப்போனதா என்று புலவர் அதை வைத்துத்தான் அறிந்துகொள்கிறார். என் தளத்தில் என்னிடம் "ஆமாம்" சொல்கிறவர்களின் குரலை நான் கவனித்துக் கேட்டதே இல்லை. வெள்ளிக்கிழமை முதல் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். பணி தொடங்கும்போது பட்டியலை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "இன்று யாருக்கு எது கஷ்டம்?" என்று முதலில் கேட்கிறேன். ஐந்து நிமிடம் பிடிக்கிறது. நேற்று குளியல் வரிசையைத் தோழியே மாற்றி அமைத்தாள், பத்தரைக்குள் எல்லாம் முடிந்தது.

அந்த ஆப்பரா அரங்கில் 2012 முதல் மராமத்து வேலை நடக்கிறது. நேற்று முன்தினம் அந்தப் பக்கம் போனேன். அந்தக் கச்சேரி நடந்து சரியாக ஐம்பது வருடம் ஆன நாள். வேலி போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பங்குனிக் கொடையில் நீங்கள் குடம் அடிப்பதை அண்ணனிடம் சொல்லிப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் அறைத் தாத்தா கேட்க வேண்டும் என்கிறார். தொடக்கத்தில் நீங்கள் என்னைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை "மக்களே" என்று கூப்பிட்டுவிட்டு அடியுங்கள். அது எனக்கு.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்