மீன் கழிவு மருந்தாக வேண்டுமானால் முதலில் ஐஸ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மீன் கழிவிலிருந்து மருந்துப் பொருள்கள் எடுப்பதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இறால் ஓடு, மீன் தோல், செதில், எலும்பு என ஒவ்வொன்றிலிருந்தும் என்ன கிடைக்கும் என்பதைக் கட்டுரையாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். தூத்துக்குடிப் பக்கம் இறால் கம்பெனிகளில் தரச் சோதனை வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். அதனால் கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பொருள்கள் தேறுமா தேறாதா என்பது, இறாலின் தலையைக் கிள்ளிப் போட்ட முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

இறாலின் எடையில் தலையும் ஓடும் மட்டும் கிட்டத்தட்ட பாதி. 2022-23இல் நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியான உறைந்த இறால் 7 லட்சம் டன்னைத் தாண்டியது. அதில் நிறைய, தலை நீக்கியோ ஓடு உரித்தோ போவது. அப்படியானால் இங்கே நின்றுவிடும் தலையும் ஓடும் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள். இறால் உரிக்கும் கூடமான பீலிங் ஷெட்டில் மேசைமேல் இருக்கும் இறாலுக்கு ஐஸ் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அதே இறாலின் தலையும் ஓடும் கீழே டப்பாவில் விழுந்ததும், அதற்கு ஒரு கை ஐஸ் போட ஆள் கிடையாது. லாரி வரும்வரை அப்படியே கிடக்கும்.

அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? இறாலின் செரிமான உறுப்பு தலைப் பகுதியில்தான் இருக்கிறது. உயிர் போனதும் அங்கிருக்கும் நொதிகள் சொந்தச் சதையையே கரைக்க ஆரம்பிக்கும். தலை கறுக்கும், தண்ணீர் விடும், புரதம் வடிந்து ஓடும். மீன் குடலிலும் தலையிலும் உள்ள எண்ணெய் காறிப்போகும். எல்லோரும் தேடுகிற ஒமேகா 3 கொழுப்புதான் மற்றக் கொழுப்புகளைவிடச் சீக்கிரம் கெடுவது. சூரை, சாளை, கானாங்கெளுத்தி போன்றவற்றில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்னும் நஞ்சை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால், கொதிக்க வைத்தாலும் அது போகாது. இறால் ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்னும் பொருள் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நாறிய ஓட்டிலிருந்துகூட அதை எடுக்கலாம். ஆனால் அந்தச் சரக்கு கழிவுநீரைத் தெளியவைக்க ஆகுமே தவிர, அதை நம்பி மனிதர் காயத்தில் வைக்க முடியாது.

நம் மக்களுக்கு இந்தப் பக்குவம் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். கூறல் மீன் கிடைத்தால் அதன் நெட்டியை, அதாவது காற்றுப்பையை, எவ்வளவு பதமாக எடுக்கிறார்கள் என்று கரையோரத்துக்காரர்களைக் கேளுங்கள். கத்தி படாமல் எடுத்து, கழுவி, மண் ஒட்டாமல் காயவைப்பார்கள். அதற்கு வெளிநாட்டில் விலை இருக்கிறது, அந்த விலையில் தங்களுக்கும் பங்கு வரும் என்று தெரியும். இறால் ஓட்டுக்கு அப்படி ஒரு விலை உரிக்கிற பெண்ணின் கைக்கு வந்ததே இல்லை. உரித்த இறாலுக்குத்தான் கூலி. ஓடு குப்பை. குப்பைக்கு யார் ஐஸ் போடுவார்கள்?

இவ்வளவு வற்புறுத்தக் காரணம், மீன் கழிவிலிருந்து வரும் மருந்துகள் சில உண்மையிலேயே உயிர் காப்பவை. இதய அறுவைச் சிகிச்சையில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் அதை முறிக்கத் தருவது புரோட்டமின். 1874இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஃப்ரீட்ரிஷ் மீஷர் ரைன் ஆற்று சால்மனின் விந்தில் கண்டறிந்த பொருள் அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கிறது. இறால் ஓட்டின் கைட்டினைப் பக்குவப்படுத்தி எடுக்கும் கைட்டோசானில் செய்த கட்டுகளை, பெருகும் ரத்தத்தை நிறுத்த அமெரிக்க ராணுவம் போர்க்களத்தில் பயன்படுத்தியது. பிரேசிலின் ஃபோர்டலேசாவில் மருத்துவர்கள் தீக்காயத்தின்மேல் திலேப்பியாத் தோலைப் போர்த்தி ஆற்றினார்கள். நாம் ஜிலேபி என்று சொல்கிற அதே மீன்தான். ஐஸ்லாந்தில் காட் மீன் தோலைக்கொண்டு ஆறாத புண்களுக்கு மருத்துவம் செய்யும் கெரெசிஸ் நிறுவனத்தை, டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் 2023இல் 130 கோடி டாலர் வரை விலை பேசி வாங்கியது.

நமக்குச் சாதகமான ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெப்பக் கடல் மீன்களின் கொலாஜன், அதாவது தோலுக்கு உறுதி தரும் புரதம், குளிர்க்கடல் மீன்களுடையதைவிடச் சூட்டைத் தாங்கும். அதிலிருந்து வரும் ஜெலட்டினும் நன்றாக உறையும். மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்த ஜெலட்டினைத் தொடாதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கெடாத தோலை நாம் கொடுத்தால் வாங்க ஆள் உண்டு.

அதற்காக, மீனிலிருந்து வந்த மாத்திரை என்றாலே நல்லது என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. கட்டுரையில், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் குளுக்கோசமைனை மூட்டுவலிக்கு அருமருந்து போலச் சொல்லியிருந்தது. 2006இல் அமெரிக்காவில் 1,500க்கு மேற்பட்ட முழங்கால் வலிக்காரர்களிடம் நடந்த பெரிய சோதனையில், மொத்தமாகப் பார்த்தால் அது வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி உதவவில்லை. உடல் இளைக்க கைட்டோசான் மாத்திரை விற்பவர்கள் சொல்வதற்கும் பெரிய ஆதாரம் கிடையாது. அப்புறம், இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் இவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. வாசகர் வீட்டுக் காசும் உடம்பும் சம்பந்தப்பட்டது என்பதால் அடுத்த இதழிலாவது இதைக் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று, ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கும் வேலையே சுத்தமானதல்ல. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கழிக்க வேண்டும், காஸ்டிக் சோடாவில் புரதத்தைக் கழிக்க வேண்டும், கடைசியில் அடர்ந்த காஸ்டிக் சோடாவில் சூடாக்க வேண்டும். அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் கிணறு, உப்பளம், கடல் எதுவும் தப்பாது. புது ஓடாக இருந்தால், காஸ்டிக் சோடா போடும் முன்பே நொதிகளைக்கொண்டு புரதத்தையும், ஆஸ்டாசாந்தின் என்னும் செந்நிறமியையும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் சந்தை இருக்கிறது, ரசாயனமும் குறையும். கெட்ட ஓட்டில் அந்த வழி அடைபடுகிறது.

கொச்சியில் 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கைட்டோசான், கொலாஜன் எல்லாவற்றுக்கும் செய்முறை கண்டு தொழில்முனைவோருக்குக் கொடுத்துவருகிறது. தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அறிவுக்குக் குறைவில்லை. குறைவது ஷெட்டில். ஓட்டுக்கென்று மூடியுள்ள தனி டப்பாவும், அதற்குப் போதுமான ஐஸும், புது ஓட்டுக்குத் தனி விலையும் வேண்டும். அந்த விலையில் உரிக்கிற பெண்களுக்குக் கிலோ கணக்கில் பங்கு தருவதாகக் கம்பெனிகள் எழுதிக் கொடுக்க வேண்டும். மானியம் கேட்டு வரும் தொழிற்சாலைகளுக்கு அரசு இதையே நிபந்தனையாக வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: மீன் தலை நம் ஊரில் கழிவல்ல, ஏழை வீட்டுக் குழம்பு. தொழிற்சாலை போட்டிக்கு வந்து அதன் விலையை ஏற்றிவிடாதபடி, யாரும் சமைக்காத ஓடு, செதில், குடல், கம்பெனியில் உரித்துப் போடும் தோல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தப் பொருளில் மீண்டும் எழுதுவதாக இருந்தால், உங்கள் நிருபரை ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் ஒரு பீலிங் ஷெட்டுக்கு அனுப்புங்கள். அங்கே உட்கார்ந்து உரிக்கும் பெண்களிடம், ஓடு எத்தனை மணிக்கு லாரி ஏறுகிறது, அதை வாங்குகிறவர் என்ன விலை கொடுக்கிறார், அதில் உங்களுக்கு என்ன வருகிறது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி