தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு: ஊசி முகாமில் இதையும் சொல்லி அனுப்புங்கள்

அமெரிக்காவில் தமிழ்ச் சங்கங்களை நடத்திவரும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

தீபாவளி விழாவை ஒட்டி உங்களில் பலர் ஃப்ளூ ஊசி முகாம் நடத்துகிறீர்கள். நல்ல காரியம். ஊசி வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. இந்த வருஷமும் நான் முதல் ஆளாக வந்து போட்டுக்கொள்வேன். ஊசி தப்பான இடத்தில் இறங்கித் தோள் பாதிக்கப்பட்டால் அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்பதையும் வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் பேறுகாலத்துக்கு அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தார். பச்சைக் குழந்தை இருக்கும் வீடு, எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பக்கத்து மருந்துக்கடைக்கு அழைத்துப் போனேன். அம்மா புடவையில் இருந்தார். ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்ததால் மேலே ஏறவில்லை. கழுத்துப் பக்கமாக ரவிக்கையை இறக்கிவிட்டு, தோள் எலும்பை ஒட்டினாற்போல் குத்தினார்கள். அந்த எலும்புக்கு இரண்டு மூன்று விரல் கீழே, சதை திரண்ட இடத்தில் போட வேண்டிய ஊசி அது. பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பான இடம் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரியே வலி தொடங்கிவிட்டது. "ஊசி போட்டா வலிக்கத்தானே செய்யும்" என்று தைலம் தேய்த்துவிட்டேன். இரண்டு வாரத்தில் அம்மாவால் கொண்டை போட முடியவில்லை. பேரனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது சொம்பை மொண்டு தூக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார். விசிட்டர் இன்ஷூரன்ஸ் இதற்கெல்லாம் தராது என்று நினைத்து டாக்டரிடமும் போகவில்லை. ஊருக்குப் போன பிறகுதான் எலும்பு டாக்டரைப் பார்த்தார்.

ஊசி மேலே ஏறிப் போனால் மருந்து தசையில் இறங்காமல் மூட்டை ஒட்டிய திரவப் பையில் இறங்கி, அங்கே வீக்கம் உண்டாகலாம். இதற்குப் பெயர் 'சிர்வா'. தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர அமெரிக்க அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதன் பாதிப்புப் பட்டியலில் 2017 மார்ச்சிலிருந்து இது இருக்கிறது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். அதே தோளில் முன்பு பிரச்சினை இருந்திருக்கக் கூடாது. பாதிப்பு பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். இவை பொருந்தினால் ஊசிதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதை மறுத்து நிரூபிப்பது அரசின் பாடு.

கேஸ் போடுவது என்றாலே நம்மவர்களுக்குக் கை நடுங்கும். "பாவம், அந்தப் பொண்ணு வேலை போயிடும்" என்றார் அம்மாவே. ஊசி போட்ட அந்தப் பெண் மேல் கேஸ் இல்லை. இந்த இழப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்த 1986 சட்டப்படி எதிர்த்தரப்பு அமெரிக்க மத்திய அரசின் சுகாதாரத் துறைச் செயலாளர். விசாரணை வாஷிங்டனில் உள்ள கோர்ட் ஆஃப் ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில், ஸ்பெஷல் மாஸ்டர் எனப்படும், இந்த மனுக்களை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரி முன்பு. பணம் வருவது தனி நிதியிலிருந்து: ஒரு டோஸ் ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட் வரி அதற்குத்தான் போகிறது. வக்கீல் ஃபீஸ் நாம் தர வேண்டியதில்லை. நியாயமான ஆதாரத்தோடு போட்ட மனு தோற்றாலும் அந்த நிதியே கொடுக்கும். வலிக்கும் வேதனைக்கும் இரண்டரை லட்சம் டாலர் உச்சவரம்பு. மருத்துவச் செலவு, இழந்த சம்பளம் தனி. அப்புறம், இதைத் தயவுசெய்து சத்தமாகச் சொல்லுங்கள்: குடியுரிமை தேவையில்லை. இங்கே ஊசி போட்டுக்கொண்ட அம்மா அப்பாக்களும் கேட்கலாம்.

ஆனால் முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது மூன்று வருஷம் நாலு மாதம் ஆகியிருந்தது. இன்னும் அம்மா கையைப் பின்னால் கொண்டுபோக முடியாமல் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுத்தான் ஈரத்தலையைத் துவட்டிக்கொள்கிறார். ஒருவர், ஒரே ஒருவர், சொல்லியிருந்தால் போதும்.

கோவிட் ஊசி இந்தத் திட்டத்தில் வராது. அதற்கு வேறு திட்டம், ஒரு வருஷக் கெடு, வக்கீல் ஃபீஸையும் அது தராது. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குழம்பிவிடுவார்கள்.

முகாமில் ஊசி போடுகிறவரும் போட்டுக்கொள்கிறவரும் உட்கார இரண்டு நாற்காலி வையுங்கள். புடவையில் வரும் அம்மாக்களிடம் தளர்ந்த கை வைத்த ரவிக்கை போட்டு வரச் சொல்லி அழைப்பிலேயே ஒரு வரி சேருங்கள். எந்தக் கை, என்ன ஊசி, லாட் எண் (மருந்துத் தொகுதியின் எண்) என்ன என்று எழுதிய சீட்டைக் கையில் கொடுங்கள். வலி இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் போய், ஊசி போட்ட பிறகு வந்த வலி என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு.

இதையெல்லாம் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் துறை வக்கீல் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து அச்சடித்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் முகாமுக்கு வேண்டுமானாலும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருத்தி