ஆன்லைன்ல இன்டீரியர் டிசைன் படிக்கப் போற பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு "அக்கா, இன்டீரியர் டிசைன் ஆன்லைன்ல படிச்சா தேறுமா, இல்ல காசு வேஸ்ட் ஆயிடுமா"ன்னு வாய்ஸ் நோட் போட்டிருந்த, பின்னாடி குட்டி சிணுங்குற சத்தமும் கேட்டுச்சு. ரெண்டு வரில பதில் போட மனசு வரல. அதான் உக்காந்து எழுதுறேன், உன்ன மாதிரி கேக்குற மத்த பொண்ணுங்களும் படிக்கட்டும்னு இங்கயே போடுறேன்.

தாராளமா படி. நானும் அப்படித்தான் படிச்சேன். பிள்ளைங்கள தூங்க வச்சுட்டு பத்து மணிக்கு மேல வீடியோவ போட்டு, புரியாத இடத்த மூணு தடவ நாலு தடவ ஓடவிட்டு பாத்து, சனிக்கிழமை லைவ் கிளாஸ்ல சார் என் பிளான் மேலயே சிவப்பு கோடு போட்டு திருத்துறத பாத்து பாத்துதான் கத்துக்கிட்டேன். கோவில்பட்டில குடும்பத்தோட இருக்குற நீ எல்லாத்தையும் விட்டுட்டு அகமதாபாத்ல இருக்குற என்ஐடி டிசைன் காலேஜுக்குப் போய் நாலு வருஷம் பி.டெஸ் டிகிரி படிக்க முடியுமா சொல்லு. நமக்குன்னு இருக்குற வழி இது, இத சின்னதா நினைக்காத.

ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி அவசரப்படாத. நான் முதல்ல சேந்த இடத்துல டிப்ளமோ டிப்ளமோன்னு சொல்லித்தான் சேத்தாங்க, முழு ஃபீஸும் கட்டி முடிச்ச பிறகு இத வச்சு மேல எங்கயாவது படிக்க முடியுமான்னு கேட்டா யாரும் போன் எடுக்கல. அன்னைக்கு நான் அழுத அழுகை உன் அத்தானுக்குத் தெரியும். அதனால டிகிரின்னு யாராவது சொன்னா, அந்த யுனிவர்சிட்டிக்கு அந்தக் கோர்ஸ ஆன்லைன்ல நடத்த அனுமதி இருக்கான்னு யுனிவர்சிட்டிகள மேற்பார்வை பாக்குற யுஜிசியோட தொலைதூரக் கல்விப் பிரிவு வெப்சைட்டுல நீயே போய் பாரு, அவங்க அனுப்புற பிடிஎஃப்ப நம்பாத. ஆர்க்கிடெக்சர் டிகிரி ஆன்லைன்ல தர்றோம்னு சொன்னா அந்த இடத்துலயே போன வச்சுரு, யுஜிசியோட 2020 விதிப்படி அதுக்கு அனுமதியே கிடையாது. நம்ம நாட்டுல இன்டீரியர் டிசைனர்னு போர்டு வைக்க லைசன்ஸ் எதுவும் வேண்டாம், ஆர்க்கிடெக்ட்னு மட்டும் போட்டுக்கக் கூடாது, அதுக்கு 1972லயே தனிச் சட்டம் போட்டாச்சு. வீட்டுக்காரங்க யாரும் நம்ம சர்டிபிகேட்ட கேக்குறதில்ல பாப்பா, முன்னாடி செஞ்ச வேலையத்தான் காட்டச் சொல்றாங்க.

இப்ப நான் உண்மையிலயே உன்கிட்ட சொல்லணும்னு நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். ஆன்லைன் பாடத்துல பாதிக்கு மேல அமெரிக்கா வீட்ட வச்சு எழுதினது. அங்க சுவருங்கிறது மரச்சட்டம் அடிச்சு மேல ஜிப்சம் போர்டு போட்டது, இங்க நமக்கு செங்கல். அங்க கிச்சன் மேடை உயரம் 36 இன்ச். நான் அத அப்படியே நோட்டுல எழுதி வச்சிருந்தேன். கோர்ஸ் முடிஞ்சு முதல் வேலையா எங்க தெருவுல ஒரு அத்தை வீட்டு கிச்சன், என்ன நம்பி குடுத்தாங்க. ஸ்கெட்ச்அப்னு 3டி வரையுற சாஃப்ட்வேர்ல வரைஞ்சு கலர் கலரா காட்டினேன், ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னாங்க, கடப்பா கல்லு நிறுத்தி மேல கருப்பு கிரானைட்டும் ஒட்டியாச்சு. பால் காய்ச்சுன அன்னைக்குப் போறேன், அத்தை சப்பாத்தி தேய்க்கிறாங்க, ரெண்டு தோளும் காதுகிட்ட வந்து நிக்குது. அவங்க உயரம் நாலடி பத்து. மேடை அவங்க முழங்கை மட்டத்துக்கு இருக்கு, அழுத்தித் தேய்க்க கைக்கு பலமே கிடைக்கல. அடுப்பு மேல இருந்த குக்கர எட்டிப் பாக்க கால் விரல்ல எக்கி நின்னாங்க. ஒரு வார்த்த கோவமா சொல்லல, அதுதான் எனக்கு இன்னமும் தாங்கல. கல்ல இடிக்காம இறக்க முடியாது, கடைசில ஆசாரி நாலு இன்ச் உயரத்துக்கு நீளமா ஒரு மரப்பலகை அடிச்சுக் குடுத்தாரு, இன்னைக்கும் அத்தை அதுமேல நின்னுதான் சமைக்கிறாங்க. அந்த வீட்டுக்குப் போறப்பல்லாம் என் கண்ணு முதல்ல அந்தப் பலகைலதான் போய் நிக்கும்.

முழங்கைய மடக்கி நிக்கச் சொல்லி, தரைலருந்து முழங்கை வரைக்கும் அளந்து, அதுல நாலஞ்சு இன்ச் கழிச்சா அவங்களுக்கான மேடை உயரம். அத்தைக்கு 32 இன்ச்சே சரியா இருந்திருக்கும். இது பாடத்துலயும் ஒரு ஓரத்துல இருந்துச்சு, நான் நம்பர மனப்பாடம் பண்ணினேனே தவிர அது யாரு உடம்புக்கு வந்த நம்பர்னு யோசிக்கல.

அப்புறம் அளவு பாஷையே வேற. பாடத்துல எல்லாம் மில்லிமீட்டர், நம்ம ஆசாரிமாருக்கு இன்ச்சும் நூலும்தான். எட்டு நூல் ஒரு இன்ச், அப்போ ஒரு நூல் மூணு மில்லிக்கு கொஞ்சம் கூட. "ரெண்டு நூல் இடிக்குது தாயி"ன்னு அவர் சொன்னா நீ கால்குலேட்டர தேடக் கூடாது. ஸ்கிரீன்ல எல்லா மூலையும் தொண்ணூறு டிகிரி, நிஜத்துல நான் அளந்த வீட்டுல ஒரு ரூம் கூட அப்படி இல்ல. நாலு பக்கம் அளந்தா போதாது, மூலைக்கு மூலை குறுக்கயும் அளக்கணும், ரெண்டு குறுக்களவும் ஒண்ணா வரலன்னா ரூம் கோணல்னு அர்த்தம், அத தெரியாம அலமாரி செஞ்சு கொண்டு வந்தா ஒரு பக்கம் சுவரோட ஒட்டும் மறுபக்கம் கை போற அளவுக்கு சந்து விழும். தரை சமமா இருக்கான்னு பாக்குற ரசமட்டம், மூலை சரியா இருக்கான்னு பாக்குற மூலமட்டம், சுவர் நேரா நிக்குதான்னு பாக்குற தூக்குக்குண்டு இதையெல்லாம் எந்த வீடியோவும் உன் கைல குடுக்காது. பக்கத்துல எங்கயாவது வீட்டு வேலை நடந்தா மேஸ்திரிகிட்ட கேட்டு ஒரு நாள் பூரா கூட நில்லு, டீ வாங்கிக் குடு, அவங்க மாதிரி சொல்லித் தர்றவங்க கிடைக்க மாட்டாங்க.

ப்ளைவுட் கடைக்கும் போ. எட்டுக்கு நாலு ஷீட்ட தூக்கிப் பாரு, வெட்டின ஓரத்த பாரு, மேல தர முத்திரைல ஐஎஸ் 303ன்னு இருக்கா 710ன்னு இருக்கான்னு பாரு. 303 பொது உபயோகத்துக்கு, 710 மரைன், அதாவது தண்ணி தாங்குறது, சிங்க்குக்கு அடில அதுதான் போடணும். கலரும் அப்படித்தான், லேப்டாப்புல பாத்து முடிவு பண்ணாத, ஒரு சார்ட்டுல பெயின்ட் அடிச்சு அந்த சுவர்லயே ஒட்டி காலைல, சாயங்காலம், ராத்திரி டியூப்லைட் போட்டு மூணு வேளையும் பாரு.

சாஃப்ட்வேர் பத்தி பயப்படாத. ஸ்கெட்ச்அப் பிரவுசர்லயே ஃப்ரீயா கிடைக்குது, பிளான் வரையுற ஆட்டோகேட், அங்கீகாரம் உள்ள காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு ஃப்ரீ, வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கணும். போன்ல மட்டும் படிச்சு வரைஞ்சுடலாம்னு நினைக்காத, அது நடக்காது. லேப்டாப் வாங்க மாப்பிள்ளைகிட்ட நான் பேசுறேன்.

கோர்ஸ் சேருறதுக்கு முன்னாடி ஒண்ணு செய். இந்த ஞாயித்துக்கிழமை சித்தி வீட்டுக்குத்தான போற, டேப் எடுத்துட்டுப் போய் அவங்க கிச்சன அள. நாலு சுவர், ரெண்டு குறுக்களவு, ஜன்னல் தரைலருந்து எவ்ளோ உயரம், சிலிண்டர் எங்க, மிக்ஸி பிளக் எங்க, எல்லாம் ஒரு பேப்பர்ல கைலயே வரைஞ்சு எனக்கு போட்டோ அனுப்பு. சித்திய முழங்கைய மடக்கி நிக்க வச்சு அந்த அளவயும் மறக்காம எழுது, அவங்களுக்கு ரொம்ப நாளா தோள்பட்ட வலி, மேடைனால இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அன்புடன்,
மதுரை அக்கா