திர்ஹத்தை ரூபாயில் பெருக்காதே, மகளே

அருமை மகளுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மாவும் நானும் நலம். பேரன் முகம் தெளிந்திருப்பதை மாப்பிள்ளை அனுப்பிய படத்தில் பார்த்தோம், உம்மா அதை ஊரெல்லாம் காட்டிவிட்டாள்.

போனில் நீ சொன்னது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஷார்ஜா கடையில் முருங்கைக்காயை எடுத்துக் கூடையில் போட்டாய், விலையைப் பார்த்தாய், திர்ஹத்தை ரூபாயாக்க மனசுக்குள் 24-ஆல் பெருக்கினாய், திரும்ப வைத்துவிட்டு வந்தாய். கடைக்காரன் கொள்ளையடிக்கிறான் என்றும் சொன்னாய். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் காய்கறியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வருவதைக் கேட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. போனில் பேசலாம் என்றால் பிள்ளை அழுகிறான், பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கல்லாவில் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழித்தவன் நான். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டென்றால் அது விலைதான்.

முதலில் அந்த மசாலா பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். பாக்கெட்டில் எம்.ஆர்.பி. இவ்வளவு ரூபாய் என்று நம் ஊரில் அச்சிட்டிருக்கிறான், அதன் மேலேயே அங்குள்ள கடைக்காரன் திர்ஹம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான், கணக்குப் போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது, இது ஏமாற்று இல்லையா என்று கேட்டாய். ஏமாற்று இல்லை. எம்.ஆர்.பி. என்பது இந்தியாவுக்குள் விற்கும் பாக்கெட்டுக்கு நம் அரசு போட்ட சட்டம். அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் இங்கே என் மேல் வழக்குப் போடலாம். கப்பல் ஏறியதும் அந்தச் சட்டம் கரையிலேயே நின்றுவிடுகிறது. அந்த எம்.ஆர்.பி.க்குள் நம் ஜி.எஸ்.டி.யும் இருக்கிறது. ஏற்றுமதியாகும் சரக்குக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கட்டியிருந்தாலும் ஏற்றுமதி செய்தவருக்குத் திரும்பக் கிடைத்துவிடும். 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாவற்றுக்கும் வரியை 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்களே, இங்கே விலை இறங்கியதாமே, ஷார்ஜாவில் ஏன் இறங்கவில்லை என்று அப்போது கேட்டாய். நீ அங்கே வாங்கும் சோப்பில் அந்த 18 சதவீதம் முதலிலிருந்தே இல்லை. இல்லாத வரி எப்படிக் குறையும்?

அப்படியானால் அங்கே மலிவாக அல்லவா இருக்க வேண்டும்? அந்த நாட்டு வரியும் ஒன்றும் பெரிசில்லை. 2018 ஜனவரியில் வந்த வாட் வரி 5 சதவீதம். வளைகுடா நாடுகளின் பொதுச் சுங்கம் பெரும்பாலான சரக்குக்கு 5 சதவீதம். அதையும் 2022 மே மாதம் நடைமுறைக்கு வந்த இந்திய எமிரேட்ஸ் வர்த்தக ஒப்பந்தம் நம் சரக்கில் பெரும்பகுதிக்குக் குறைத்துவிட்டது. கப்பல் கூலியும், ஒரு கண்டெய்னர் நிறையப் பாக்கெட்டுகளுக்குப் பிரித்துப் பார்த்தால், பாக்கெட்டுக்குக் கொஞ்சம்தான். விலை ஏறுவது துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் சரக்கு இறங்கிய பிறகு. கிடங்கு வாடகை, குளிர்பெட்டி, லாரி, உன் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னக் கடையின் வாடகை, அதில் நிற்கும் மலையாளிப் பையனின் சம்பளம், அவனுடைய விசாச் செலவு, அவன் தங்கும் அறை, நாள் முழுக்க ஓடும் ஏசி. நீ மசாலா வாங்கும்போது இதையெல்லாம் சேர்த்துத்தான் வாங்குகிறாய். நம் கடை தாத்தா கட்டிய சொந்தக் கட்டடம். கூட நிற்கும் பையன் அடுத்த தெரு, மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறான். மசாலா இரண்டு கடையிலும் ஒன்றுதான், சுற்றியிருக்கும் செலவுதான் வேறு.

கப்பல் ஏற்ற முடியாத பொருள்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். முடி வெட்ட, துணி தைக்க, குழாய் ரிப்பேர் பார்க்க அங்கே கொடுப்பதை ரூபாயாக்கினால் தலை சுற்றும். கீழக்கரை சலூன்காரரை ஷார்ஜாவுக்குப் பார்சல் அனுப்ப முடியாது. அவருடைய கூலி அவர் வாழும் ஊரின் கூலியோடுதான் போகும். டிவி, செல்போன் மாதிரிப் பெட்டியில் அடைத்து எங்கும் அனுப்பக்கூடிய பொருளென்றால் நாட்டுக்கு நாடு விலை அவ்வளவு விலகாது. ஆள் உழைப்பும் இடமும் எவ்வளவுக்கு அதிகமாகக் கலக்கிறதோ அவ்வளவுக்கு விலகும். முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழைப்பூவுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. துவரம்பருப்பு கப்பலில் ஆற அமர வரலாம், கறிவேப்பிலை வாடிவிடும். அது விமானத்தில்தான் வர வேண்டும். விமானத்தில் எடைக்குத்தான் காசு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. லீவில் வருகிறவர்கள் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும்? பால் பவுடர் டின், பாதாம், பிஸ்தா, கோடாலித் தைலம், வாசனைப் பவுடர், வீட்டுப் பெண்களுக்குக் கொஞ்சம் தங்கம். இவை ஏன் அங்கே மலிவு? பாதாமும் பிஸ்தாவும் அங்கே விளைவதில்லை, பால் பண்ணைகளும் கொஞ்சம்தான். அந்த நாட்டில் சாப்பாட்டுச் சாமானில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. விளைவிக்கிறவன் உள்ளூரில் அதிகம் இல்லாததால் யாரையும் காப்பாற்ற வரி போட வேண்டியதில்லை, வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் மாடு வளர்ப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதனால் வெளிநாட்டுப் பால் பவுடருக்கு 60 சதவீதம் சுங்கம். ஓடு நீக்கிய பாதாமுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய் சுங்கம். தங்கத்துக்கு 2022 ஜூலையில் 15 சதவீதமாக ஏற்றி, 2024 ஜூலையில் 6 ஆக இறக்கினார்கள். பெட்ரோல் இங்கே லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. அங்கே திர்ஹத்தைப் பெருக்கிப் பார்த்தாலும் அவ்வளவு வராது. மத்திய கலாலும் மாநில வாட்டும் செய்யும் வேலை அது. நம் ஊரில் விலை குறைவாகத் தெரிவதிலும் அரசின் கை இருக்கிறது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மீதியை அரசு கட்டுகிறது. அந்த விலையை மனசில் வைத்துக்கொண்டு ஷார்ஜா பருப்பை நிறுத்துப் பார்ப்பது நியாயமில்லை.

வெங்காயக் கதை உனக்குத் தெரிய வேண்டும், அதில் எல்லாமே இருக்கிறது. 2023-ல் இங்கே வெங்காய விலை ஏறியது. ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டார்கள். அது போதாமல் டிசம்பர் 8-ம் தேதி ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். நாசிக் பக்கம் லாசல்காவ் மண்டியில் விலை சரிந்தது, விவசாயிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். அதே நாட்களில் துபாயில் வெங்காய விலை மளமளவென்று ஏறியது. இந்திய வெங்காயத்தை நம்பியிருந்த இறக்குமதிக்காரர்கள் பாகிஸ்தான், எகிப்து, துருக்கி என்று தேடி ஓடினார்கள். இரண்டு அரசுகள் பேசி 14,400 டன் மட்டும் எமிரேட்ஸுக்கு அனுப்ப அனுமதித்தார்கள். 2024 மே மாதம்தான் தடை நீங்கியது. ஒரே மண்ணில் விளைந்த வெங்காயம்தான். டெல்லியில் போட்ட ஒரு கையெழுத்து ஒரு கரையில் அழவும் மறு கரையில் பணத்தை எண்ணவும் வைத்தது. பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கும் 2023 ஜூலையிலிருந்து 2024 செப்டம்பர் வரை தடை இருந்தது. உன் பக்கத்து வீட்டக்கா அரிசி மூட்டையை அடுக்கி வைத்திருந்ததாகச் சொன்னாயே, அந்தப் பயத்தில் வந்த பழக்கமாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் தூரத்துக் கதை. நம் கடலில் நடப்பதைச் சொல்கிறேன். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம். 1964 புயலுக்கு முன்னால் அங்கே ரயிலும் கப்பலும் சுங்க அலுவலகமும் இருந்தன, கொழும்பில் கடை வைத்தவர்கள் நம் தெருக்களில் நிறைய. வள்ளல் சீதக்காதி காலத்திலிருந்து இந்த ஊர் சாப்பிட்ட சோற்றில் பாதி இரண்டு கரை விலை வித்தியாசத்தில் வந்ததுதான். முறையாகச் சரக்கு ஏற்றி, வரி கட்டி, லாபம் பார்த்தார்கள். இன்று அதே முப்பது கிலோமீட்டரில் என்ன நடக்கிறது பார். டாலரைக் காப்பாற்றவும் உள்ளூர் விவசாயியை ஊக்குவிக்கவும் இலங்கை அரசு 2020 வாக்கில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அங்கே விளைச்சல் போதவில்லை. மஞ்சள் விலை பல மடங்கு ஏறியது. ஈரோட்டு மஞ்சள் மூட்டை நம் கரையிலிருந்து ராத்திரியில் படகேற ஆரம்பித்தது. எத்தனை மூட்டைகளைக் கடலோரக் காவல் பிடித்தது என்று பேப்பரில் நீயே படித்திருப்பாய். அதற்குப் போய் மாட்டிய பையன்களின் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் போட்டவன் வெளியில் இருக்கிறான், மூட்டை தூக்கிய பிள்ளை உள்ளே இருக்கிறான். சாதாரண மஞ்சள்தூளுக்காக. இதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

தடை போட்டால் விலை பிரியும், பிரிந்த இடத்தில் யாராவது ஒருவன் பாலம் போடத்தான் செய்வான். சட்டப்படியே போட்ட பாலமும் உண்டு. 2000 மார்ச்சில் இந்திய இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பாமாயிலுக்கு இங்கே சுங்கம் அதிகம், அங்கே குறைவு. உடனே இலங்கையில் வனஸ்பதி, அதாவது டால்டா ஆலைகள் முளைத்தன. எண்ணெய் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும், இலங்கையில் வனஸ்பதியாகும், சுங்கமில்லாமல் இந்தியாவுக்குள் நுழையும். கடைசியில் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் என்று நம் அரசு வரம்பு கட்டியது. பனை மரம் ஒரு நாடு, ஆலை ஒரு நாடு, பொரித்துச் சாப்பிட்டவன் ஒரு நாடு. நேராக வந்திருந்தால் விலை கூடியிருக்கும்.

அப்புறம் நாணயம். 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 வாக்கில் இருந்த இலங்கை ரூபாய் மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. கடையில் அதே பால் பவுடர், அதே அரிசி. வாங்குகிறவன் கையிலிருந்த காசுதான் பாதியாகிப்போனது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கினார்களே, அந்த ஜனங்களை நீ மறந்திருக்க மாட்டாய்.

உன் திர்ஹம் அப்படி ஆடாது. 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டி வைத்திருக்கிறார்கள். ஆடுவது நம் ரூபாய்தான். 2014-ல் ஒரு திர்ஹம் 16, 17 ரூபாய், இப்போது 24-க்கு மேல். அந்த ஏழெட்டு ரூபாய் ஏறியதால் ஷார்ஜாவில் முருங்கைக்காய் ஒரு ஃபில்ஸ் காசுகூட ஏறவில்லை. ஆனால் நீ பெருக்கும் கணக்கில் அது பாதிக்குப் பாதி ஏறிவிட்டது. இந்தக் கணக்கு உன்னை எப்படி ஏமாற்றுகிறது என்று இதிலேயே தெரியவில்லையா?

பெருக்க வேண்டுமென்றால் மாப்பிள்ளையின் ஒரு நாள் சம்பளத்தை வைத்துப் பெருக்கு. இந்தக் காய் அவருடைய எத்தனை நிமிஷ உழைப்பு என்று பார். இங்கே நூறு நாள் வேலைக்குப் போன பெண்ணுக்கு 2025-ல் ஒரு நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. கால் கிலோ முருங்கைக்காய் வாங்க அவள் எவ்வளவு நேரம் வெயிலில் நிற்க வேண்டும் என்று போட்டுப் பார், அங்கே உனக்கு அது அப்படியொன்றும் எட்டாத பொருளில்லை என்று தெரியும். ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு மட்டும் 24-ஐ வைத்துக்கொள். உன் சாப்பாட்டுக்கும் பிள்ளை சாப்பாட்டுக்கும் அதை வைக்காதே. அங்கே சம்பாதித்து அங்கே சாப்பிடுகிற காசு திர்ஹம்தான். அதைச் சிக்கனமாகச் செலவழிக்க வழி இருக்கிறது: கட்டடத்துக்குக் கீழே உள்ள கடையில் அவசரத்துக்கு மட்டும் வாங்கு, மாதச் சாமானைப் பெரிய கடையிலோ மொத்த மார்க்கெட்டிலோ எடுங்கள். மீன் அங்கே புதுசாகக் கிடைக்கிறது என்றாயே, அதை வாங்கு. வயிற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

மேலத்தெருக் காக்கா அடுத்த வாரம் ஷார்ஜா வருகிறார். உம்மா சாம்பார்ப் பொடி, மீன் மசாலா, காய வைத்த முருங்கைக்கீரைப் பொடி, மாசிக்கருவாடு எல்லாம் கட்டி வைத்திருக்கிறாள். எடை குறைவு, விலை வித்தியாசம் அதிகம், அதனால் இவைதான் பெட்டியில் வரத் தகுந்தவை. அரிசியும் எண்ணெயும் கேட்காதே, அங்கேயே வாங்கு. குருமாவுக்குக் கசகசா கேட்டிருந்தாய். அனுப்ப மாட்டேன். எமிரேட்ஸ் சட்டத்தில் அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது, காக்காவை விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். வேறு யாரிடமும் சொல்லி வரவழைக்காதே. முந்திரியை ஊறவைத்து அரைத்து ஊற்று, குருமா கெட்டியாகவே வரும்.

மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல். பேரனுக்கு முத்தம்.

வாப்பா
கீழக்கரை