அப்பா பார்க்காத உள்பக்கம்

சான் பிரான்சிஸ்கோ,
ஜூலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மா மாடிப்படி ஏறுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று தங்கச்சி சொன்னாள். முழங்காலை டாக்டரிடம் காட்டினீர்களா?

இங்கே ஜூலையிலும் ஸ்வெட்டர் இல்லாமல் நடமாட முடியவில்லை. பாதி நாள் ஊரே மூடுபனிக்குள் கிடக்கிறது. வேலை பழகிவிட்டது. சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது, மற்றபடி குறையில்லை.

போன வாரம் ஒரு பழைய சரக்குக் கப்பலுக்குப் போனேன். போனில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன். தூத்துக்குடியில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, தோணியில் சரக்கு கொண்டுபோவீர்களே. "ஆயுசு பூரா கப்பலோட வெளிப்பக்கத்தத்தான் பாத்தேன்" என்பீர்கள். உள்பக்கத்தை நான் பார்த்துவிட்டேன் அப்பா.

பெயர் 'ஜெரமையா ஓ'பிரையன்'. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் ஒரே அச்சில் இரண்டாயிரத்து எழுநூறுக்கு மேல் கட்டினார்களே 'லிபர்ட்டி' கப்பல்கள், அதில் ஒன்று. 1943 ஜூனில் மெய்ன் மாநிலத்தில் கடலில் இறக்கினார்கள். கட்ட இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தகடுகளை ரிவிட் அடிக்காமல் வெல்டிங் வைத்தே இணைத்ததால் வந்த வேகம் அது. 441 அடி நீளம், ஐந்து சரக்கு அறைகள். அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போய், 1944இல் பிரான்சின் நார்மண்டி கடற்கரைக்குப் பதினோரு தடவை ஆளும் தளவாடமும் கொண்டுபோயிருக்கிறது. அப்புறம் பசிபிக், நம் இந்தியத் துறைமுகத்துக்கும் வந்துபோயிருக்கிறது!

போர் முடிந்ததும் இந்த ஊருக்குப் பக்கத்தில் சூசுன் விரிகுடாவில் கட்டிப்போட்டுவிட்டார்கள். 33 வருஷம். கூட நின்றவை ஒவ்வொன்றாக உடைக்கப் போயின. இதை மட்டும் சில பெரியவர்கள் விடவில்லை. அவர்களே இறங்கிச் சுத்தம் செய்து பாய்லரைப் பற்றவைக்க, 1979 அக்டோபரில் தன் சொந்த நீராவியில் கிளம்பி வந்தது. 1994இல் வயதான மாலுமிகள் பனாமா கால்வாய் வழியாக மறுபடி நார்மண்டிக்கே ஓட்டிப்போனார்கள். 2020இல் பக்கத்துக் கிடங்கு தீப்பிடித்து எரிந்தபோது, தீயணைப்புப் படகு தண்ணீர் அடித்துக் காப்பாற்றியது.

நான் போன அன்று இன்ஜினை ஓட்டிக் காட்டினார்கள். செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்க இறங்கச் சூடு முகத்தில் அடித்தது. மூன்று சிலிண்டர்கள், ஒன்றைவிட ஒன்று பெரிது. சின்னதில் உதைத்த நீராவியே அடுத்ததற்குப் போய், அங்கே வேலை செய்து, கடைசியாகப் பெரியதற்கும் போகிறது. ஒரே ஆவியில் மூன்று வேலை. அந்தக் காலத்திலேயே இது பழைய மாதிரி இன்ஜின்தான். டர்பைன் என்கிற புது வகை இன்ஜின்களெல்லாம் போர்க்கப்பலுக்குப் போய்விட்டதால், எந்தப் பட்டறையிலும் செய்ய முடிகிற இதையே போட்டார்களாம்.

எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர், சம்பளம் இல்லாமல் வருகிறவர், எண்ணெய்க் கேனோடு நின்றார். தண்டைச் சுற்றவைக்கும் வளைந்த இரும்புக் கை, கிராங்க், ஆள் உயரத்துக்குச் சுழல்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் கிட்டே வரும் அந்த நொடியில் கையை நீட்டி, பேரிங்கைப் புறங்கையால் தொட்டுவிட்டு இழுத்துக்கொள்கிறார். சூடேறியிருக்கிறதா என்று பார்க்கிறாராம். கண் பார்ப்பதில்லை, தாளம் பார்த்தே கை போகிறது. அலை தோணியைத் தூக்கும் நேரம் பார்த்து நீங்கள் மூட்டையைக் கொக்கியில் மாட்டுவதாகச் சொல்வீர்களே, அதேதான். அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

"உன் அப்பா என்ன வேலை?" என்று கேட்டார். சொன்னேன். கேனைக் கீழே வைத்துவிட்டு, தோணி எத்தனை டன் எடுக்கும், கப்பலோடு எப்படிக் கட்டுவீர்கள் என்றெல்லாம் விசாரித்தார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை அப்பா. எழுதி அனுப்புங்கள், அடுத்த மாதம் போகும்போது சொல்கிறேன்.

இன்ஜின் சத்தத்தைத் தங்கச்சி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். சட்டையில் அந்த எண்ணெய் வாசம் இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகன்