குடியாத்தம் கடைக்கு ஒரு தோசைக்கல்

வேலூர், சத்துவாச்சாரி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்றவன் பேரனோடு விளையாடாமல் டிபன் கடை திறக்கப் போகிறானா என்று என் வீட்டுக்காரி சிரிக்கிறாள். நான் உன் பக்கம்தான் பேசினேன். இங்கே எல்லோரும் நலம். மூட்டு வலி மட்டும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் இருக்கிறது.

நான்கு அடிக் கல் என்ன விலை, எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கல் எங்கும் கிடைக்கும். தடிமன் மட்டும் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள். மெல்லிய தகடு நாலு தோசை ஊற்றியதும் சூடு இறங்கிப் போகும், நாளாக நாளாக நடுவில் வளையும். உன் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறு ஒரு வரி. சிலிண்டர் வைக்கப் படிக்கட்டுக்குக் கீழே இடம் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அந்த இடம் வேண்டவே வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் போய்த் தங்கும். காற்றில் இரண்டு சதவீத அளவுக்குச் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளப் போதும். பின்பக்கம் கிணற்றடியை ஒட்டித் திறந்த இடம் இருக்கிறதே, அங்கே கம்பிக் கதவு போட்டு, மேலே ஒரு கூரை இறக்கி, சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்து. அருகில் சாக்கடை வாய் இருக்கக் கூடாது. அங்கிருந்து உலோகக் குழாயில் அடுப்புக்குக் கொண்டுவா. குழாய் அடுப்பை எட்டும் இடத்தில், மாஸ்டர் கையை நீட்டினால் மூடுகிற மாதிரி ஒரு வால்வு இருக்க வேண்டும். கல்லுக்குப் பின்னால் வால்வை வைத்துவிட்டுப் போகிற பிட்டர்கள் உண்டு. தீ எழும்பும் நேரத்தில் அதைத் தாண்டி யார் கை நீட்டுவது?

முதல் மாதம் வீட்டுச் சிலிண்டரை வைத்து ஓட்டிவிடலாம் என்று உன் மைத்துனர் சொன்னாராமே. 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரைக் கடையில் வைத்தால் அது சட்டப்படி குற்றம். வணிகத்துக்கு 19 கிலோ சிலிண்டர்தான். எல்லாம் சேர்த்து 100 கிலோவுக்கு மேல் இருப்பு வைத்தால் தனி உரிமம் தேவை. ரெகுலேட்டரும் பர்னருக்குப் பொருந்த வேண்டும். குறைந்த அழுத்த பர்னருக்கு ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டினால் தீ பர்னரை விட்டு எழும்பிப் பறக்கும். பிறகு எப்போதாவது குழாய் வழி இயற்கை எரிவாயு உன் தெருவுக்கு வந்தால், அதே பர்னரில் அப்படியே இணைக்கச் சம்மதிக்காதே. அதற்கு ஜெட்டின், அதாவது பர்னருக்குள் கேஸை விடும் சிறு மூக்கின், துளை வேறு அளவு.

இனி நம் ஊர் விஷயம். கத்திரி வெயிலில் கல்லுக்கு முன்னால் நிற்கிறவன் ஃபேன் கேட்காமல் இருப்பானா? கேட்பான், கேட்பது நியாயமும்கூட. ஆனால் நிற்கும் ஃபேனைக் கல்லை நோக்கித் திருப்பினால் ஓரத்து பர்னரின் தீ அணைந்துவிடும். கல்லின் அடியில் நடப்பது மேலே நிற்பவன் கண்ணுக்குத் தெரியாது, நடுவில் சூடு இருப்பதால் தோசையும் வந்துகொண்டே இருக்கும். ஓரத்தில் எரியாத கேஸ் மட்டும் வெளியேறியபடி இருக்கும். ஆகவே தீ அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ள அடுப்பையே வாங்கு. விலை கூடுதல்தான், அந்த இடத்தில் பேரம் பேசாதே. காற்றுக்கு வேறு வழி செய். கல்லுக்கு மேலே புகைக்கூண்டும் எக்ஸாஸ்டும் வை, எதிர்ச் சுவரில் வெளிக்காற்று நுழைய ஜன்னல் விடு. உறிஞ்சுவதற்கு மட்டும் ஏற்பாடு செய்து, உள்ளே வர வழி விடாத சமையலறையில் தீ மஞ்சளாகும், கரி படியும், மாஸ்டருக்குத் தலைவலி வரும். வெயிலால் என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது கார்பன் மோனாக்சைடின் வேலை, சரியாக எரியாத தீயிலிருந்து வரும் நச்சு வாயு அது.

பற்றவைக்கும்போது தீயை பர்னரிடம் கொண்டுபோன பிறகே வால்வைத் திறக்க வேண்டும். பற்றாவிட்டால் மூடிவிட்டு ஐந்து நிமிடமாவது காத்திருக்கச் சொல். கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர் போதும். தீக்குச்சியைக் கொண்டுபோய்ப் பார்க்கும் தைரியசாலிகளை வேலைக்கு வைக்காதே. கேஸ் வாசனை வந்தால் சிலிண்டரை மூடு, சுவிட்சைத் தொடாதே, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் போன் செய்.

புதுக் கல்லில் துருப் பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும். அதைக் கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவிப் புகையும் வரை காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி காய்ச்சு. கருமை ஏறினால்தான் மாவு ஒட்டாமல் எழும். துடைப்பத்தால் தண்ணீர் தெளிப்பது பரவாயில்லை. இரவு கடை மூடும் அவசரத்தில் சூட்டுக் கல்லின் மேல் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் கல் வளையும், வார்ப்பிரும்பாக இருந்தால் விரிசலே விடும். எண்ணெய் வழியும் தட்டைத் தினமும் காலி செய்யச் சொல். அது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைப் பாத்திரம் கழுவும் பையனுக்கும் சொல்லிக்கொடு.

கொத்தனார் கரண்டி எடுப்பதற்குள் சமையலறையைத் தாளில் வரைந்து அனுப்பு. கதவு, ஜன்னல், சாக்கடை எந்தெந்தப் பக்கம் என்று குறித்துவிடு. ஆடி கழிந்ததும் நேரில் வருகிறேன். வரும்போது இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வருகிறேன், தங்கையிடம் கொத்சு வைக்கச் சொல். உன் மாஸ்டரின் தோசையை அதோடு சாப்பிட்டுப் பார்த்துத்தான் கடையைப் பற்றி என் கருத்தைச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுத் தோழன்