சபை விசுவாச அறிக்கையை எழுதும் குழுவினருக்குத் திறந்த மடல்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

புதிதாக எழுதப்படும் விசுவாச அறிக்கைகள் பலவற்றில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. திரித்துவமும் (ஒரே தேவன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவராய் இருக்கிறார் என்பது), ஞானஸ்நான முறையும், கிறிஸ்து பூமியில் ஆளுவார் என்று சொல்லப்படும் ஆயிரவருட அரசாட்சியும் ஒரே வரிசையில், ஒரே எடையில் நிற்கின்றன. ஆயிரவருடத்தை வேறுவிதமாகப் புரிந்துகொண்டவரும், கிறிஸ்துவின் தெய்வத்துவத்தை மறுப்பவரும் ஒரேபோலக் கள்ளப்போதகர் ஆகிவிடுகிறார்கள்.

ஆகவே இரண்டு தாள்களில் எழுதுங்கள். 325-இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் வகுத்து, 381-இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் விரிவாக்கிய விசுவாசப் பிரமாணம் சொல்வது முதல் தாளில் இருக்கட்டும். வருகையைப் பற்றி அது சொல்வது கொஞ்சம்தான்: கிறிஸ்து மகிமையோடு திரும்ப வருவார், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார், அவர் ராஜ்யத்துக்கு முடிவில்லை. கால அட்டவணை எதுவும் அதில் இல்லை. அப்படிப்பட்ட கால அட்டவணையையும், ஞானஸ்நானம் தெளிப்பா முழுக்கா என்பதையும், ஆவியின் வரங்களைப் பற்றிய உங்கள் சபையின் நிலைப்பாட்டையும் இரண்டாம் தாளில் வையுங்கள்.

முதல் தாளில் அதிகம் சறுக்கும் இடம் திரித்துவம். 'ஒரே தேவன் மூன்று வடிவங்களில் வெளிப்பட்டார்' என்று எழுதினால் அது மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு போதித்து, சபை தள்ளிய கருத்து. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உவமையும் அங்கேதான் கொண்டுபோய் விடும். எழுதிய வாக்கியத்தை மத்தேயு 3:16, 17-இன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குமாரன் கரையேறுகிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதாவின் சத்தம் கேட்கிறது. மூன்றும் ஒரே வேளையில் நடப்பதை உங்கள் வாக்கியம் தாங்காவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஆதாரமாக 1 யோவான் 5:7-ஐப் போடவேண்டாம். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் காணும் 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்' என்ற பகுதி பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. விவரம் தெரிந்த ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினால், மற்ற வசனங்களையும் மக்கள் சந்தேகிப்பார்கள். மத்தேயு 28:19, யோவான் 1:1, 2 கொரிந்தியர் 13:14 போதும்.

கிறிஸ்துவைப் பற்றி எழுதும்போது 'மனித உடலுக்குள் வந்த தெய்வம்' என்று நிறுத்திவிடாதீர்கள். நான்காம் நூற்றாண்டு ஆயர் அப்பொலினாரியு ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்; கிறிஸ்துவுக்கு மனித மனம் இல்லை என்றார். 381-இன் சங்கத்தில் அது தள்ளப்பட்டது. மனித மனமும் சித்தமும் இல்லாதவர் கெத்செமனேயில் 'என் சித்தத்தின்படியல்ல' என்று எப்படி ஜெபிப்பார்? முழுத் தேவன், முழு மனிதன் என்றே எழுதுங்கள். 451-இல் கல்கெதோன் சங்கம் இதற்காக வகுத்த சொற்களை ஏற்காத கொப்தியரும் ஆர்மேனியரும்கூட இதை அறிக்கையிடுகிறார்கள்.

இரட்சிப்பைப் பற்றிய பத்தியில் எபேசியர் 2:8, 9-ஐ எழுதுபவர்கள் 10-ஆம் வசனத்தை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. கிருபையினால் இரட்சிக்கப்பட்டவர்கள் நற்கிரியைகளுக்கென்று சிருஷ்டிக்கப்பட்டவர்கள் என்பதும் அதே வாதத்தின் பகுதி. மூன்றையும் சேர்த்தே போடுங்கள்.

கடைசிப் பத்தியைத்தான் பெரும்பாலும் அவசரத்தில் எழுதுகிறார்கள். 'விசுவாசிகளின் ஆத்துமா பரலோகம் சேரும்' என்று முடித்துவிட்டால், பிரமாணத்தில் உள்ள மரித்தோரின் உயிர்த்தெழுதல் காணாமல் போகிறது. 1 கொரிந்தியர் 15 முழுவதும் சரீர உயிர்த்தெழுதலைப் பற்றியே பேசுகிறது. மரித்தோர் எழுந்திராவிட்டால் கிறிஸ்துவும் எழுந்திருக்கவில்லை என்று பவுல் இரண்டையும் இணைத்துவிடுகிறார். சபையார் ஒப்புதலுக்கு வாசிக்கும் முன் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.